செடி நெடுநெடுவென வளர்கிறதா? கிள்ளுவதற்கு முன் இதைப் பாருங்கள்

துளசி பக்கக் கிளையே விடாமல் ஒல்லியாக உயர்ந்தால், முதலில் வெளிச்சத்தைக் கவனியுங்கள். பக்கத்துச் செடிகளின் இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு சிவப்புக்கு அடுத்துள்ள, நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத தூரச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். பைட்டோகுரோம் என்ற புரதம் இந்த மாற்றத்தை உணர்ந்ததும், செடி கிளைப்பதை விட்டு உயரத் தொடங்கிவிடும். அதனால் இடைவெளி விட்டு, நல்ல வெயிலில் வையுங்கள்.

அப்புறம் நுனியைக் கிள்ளுங்கள். நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. துளசியில் கணுவுக்கு இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும். இலைக்கும் தண்டுக்கும் நடுவே உற்றுப் பாருங்கள், குண்டூசித் தலை அளவில் மொட்டு தெரியும். அந்தக் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால், ஒரு தண்டு இருந்த இடத்தில் இரண்டு கிளம்பும். எனக்கு அதைப் பார்க்க இன்றும் அலுக்கவில்லை.

ஆனால் தக்காளியில் அவசரப்படாதீர்கள். குட்டை ரகங்களில் தண்டு எங்கே நிற்க வேண்டும் என்பதை மரபணுவே முடிவுசெய்கிறது. நுனி பூங்கொத்தாக முடிந்துவிடும். அவற்றின் பக்கக் கிளைகளைக் கிள்ளினால் காய்தான் குறையும். கொடிபோல் ஏறும் ரகங்களில் தாராளமாகக் கிள்ளலாம். விதை வாங்கும்போதே எந்த ரகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.