முதல் முறை ஸ்னோபோர்டு ஏறும் சென்னைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்னோபோர்டு, அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது, பழகக் காஷ்மீரின் குல்மார்க் போகிறவர்களில் பலர், முதல் தவறை டிக்கெட் எடுக்கும்போதே செய்துவிடுகிறார்கள். அரையாண்டு லீவு கிடைக்கிறதே என்று டிசம்பர் கடைசியில் கிளம்பிவிடுவார்கள். அப்போது போதிய பனி இருக்கும் என்று சொல்ல முடியாது. 2024இல் ஜனவரி கடைசி வரைகூட அங்கே பனி இல்லாமல் காய்ந்துதான் கிடந்தது. ஜனவரி பின்பாதியும் பிப்ரவரியும் ஓரளவு நம்பலாம்.

அடுத்தது, கொண்டோலா என்கிற கேபிள் காரில் நேராக உச்சிக்குப் போவது. குல்மார்க்கின் அடிவாரமே சுமார் 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா உச்சி அவ்வளவுதான். கொண்டோலாவின் இரண்டாம் கட்டமான ஃபேஸ் 2 கிட்டத்தட்ட 3,950 மீட்டரில் போய் நிற்கிறது. கடல் மட்டத்தில் வாழ்கிற நமக்கு அங்கே தலைவலியும் மூச்சுவாங்கலும் வந்தால் ஆச்சரியமில்லை. அதைவிட முக்கியம், மேலே இருப்பது சீர்செய்த பழகுதளம் அல்ல. செங்குத்தான மலைச்சரிவு, பனிச்சரிவு அபாயமும் உண்டு. நினைத்த இடத்தில் பலகையை நிறுத்தத் தெரியாதவருக்கு அங்கே வேலையே இல்லை. போட்டோ வேண்டுமா, பலகையைக் கீழே வைத்துவிட்டுப் போய் எடுத்துக்கொண்டு கொண்டோலாவிலேயே இறங்கிவிடுங்கள்.

சரி, விழுவதற்கு வருவோம். புதியவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். விழும்போது கை தானாக முன்னே நீளும், உடம்பின் எடை முழுவதும் விரித்த உள்ளங்கையில் இறங்கும், எலும்பு விரிசல் விடும். கையை முஷ்டியாக மடக்கிக்கொள்ளுங்கள். முன்னால் விழுந்தால் முழங்காலும் முன்கையும் சேர்ந்து தாங்கட்டும். பின்னால் என்றால் குந்தி உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உருளுங்கள். மணிக்கட்டுக் காப்பு பெரிய விலை இல்லை, ஆனால் வாடகைக் கடையில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், இங்கேயே வாங்கிவிடுங்கள். ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அண்ணா சாலையில் போலீஸைப் பார்த்ததும் மாட்டுகிற பழக்கம் அங்கே உதவாது.

இப்படி விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பலகையைத் தட்டையாக விட்டுவிடுவது. அப்போது சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கிற விளிம்பு பனியில் சட்டென்று மாட்டி, ஆளைத் தூக்கி அடித்துவிடும். எப்போதும் குதிகால் பக்க விளிம்பிலோ விரல் பக்க விளிம்பிலோ எடை இருக்க வேண்டும். கோவளத்தில் சர்ஃபிங் பழகியவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள். எந்தக் கால் முன்னே என்ற விஷயம் அவர்களுக்குத் தெரியும், சமநிலையும் இருக்கும். ஆனால் அலைப் பலகையில் கால் கட்டுண்டு கிடப்பதில்லை, கோணலானால் குதித்துவிடலாம். இங்கே இரண்டு காலும் பூட்ஸைப் பலகையோடு இறுக்கும் பைண்டிங்கில். ஆகவே முதல் நாள் முழுக்கக் குதிகால் விளிம்பில் பக்கவாட்டாகச் சறுக்கி நிற்பதை மட்டும் பழகினாலே போதும். சலிப்பாகத்தான் இருக்கும். நண்பனிடம் கற்றுக்கொள்ளாமல் ஆசிரியரை அமர்த்துங்கள். அவர் காலுக்கொரு பலகை மாட்டும் ஸ்கீ மட்டும் சொல்லித் தருபவரா, ஸ்னோபோர்டும் தெரியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உடையில் ஜீன்ஸும் பருத்தி பனியனும் கூடவே கூடாது. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே உடம்போடு ஒட்டும் தெர்மல், அதன்மேல் கம்பளி போன்ற ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாத பேண்டும் ஜாக்கெட்டும். சாக்ஸ் ஒன்றே ஒன்று. குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் அதிகமாகக் குளிரும். பூட்ஸ் போட்டதும் முழங்காலை மடக்கிப் பாருங்கள், குதிகால் மேலே எழும்பினால் அளவு சரியில்லை.

நம்மூர் வெயிலையே பார்த்தாச்சு, பனியில் என்ன சன்ஸ்கிரீன் என்று கேட்பவர்கள் உண்டு. புதுப் பனி, புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பக்கம்கூடக் கருகும். கண்ணுக்குக் காகிள்ஸ் கட்டாயம்.

அப்புறம், பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சாதாரண பாலிசிகள் பலவற்றில் இருக்காது. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. குழுவில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.