மொழி புரியவில்லையா, காது கேட்கவில்லையா? புதிதாக வந்தவர்களுக்குக் காது மிஷின் பற்றிக் கொஞ்சம்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் எதிரில் இருப்பவர் பேசுவது பிடிபடவில்லை என்றால், உச்சரிப்பு பழகவில்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் அப்பாவும் ஒரு வருடம் அப்படியே ஓட்டினார். தமிழில் பாதி சொல் காதில் விழுந்தாலே மீதியை மூளை நிரப்பிவிடும், புது மொழியில் அந்தச் சலுகை கிடையாது, அதனால் இத்தனை நாள் மறைந்திருந்த குறை இங்கே வந்ததும் வெளியே தெரிய ஆரம்பிக்கும். வீட்டில் டிவி சத்தம் ஏறிக்கொண்டே போகிறதா, தமிழிலேயே "என்ன? என்ன?" என்று கேட்கிறாரா? அப்படியானால் மொழியின் மேல் பழி போடாதீர்கள்.

முதலில் டாக்டர். வெறும் குறும்பி அடைப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம், மிஷின் பேச்செல்லாம் அப்புறம், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

பரிசோதனையில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, பீப் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். இதற்கு மொழி வேண்டாம். வரும் வரைபடம்தான் ஆடியோகிராம்: குறுக்கே 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை (வலப்பக்கம் போகப்போக ஒலி கீச்சாகும்), மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது எவ்வளவு சத்தமாக வைத்தால் கேட்கிறது என்பது, கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு குறை. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் கோட்டின் வலது பக்கம்தான் சரியும், அதாவது ஸ, ஃப மாதிரி மெல்லிய ஒலிகள் போய்விடும். சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை என்பார்களே, அது இதுதான்.

அடுத்து சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனை. இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். அப்பா வாழ்க்கையில் கேட்டே இராத சொற்களைத் தவறாகச் சொல்ல, அதையும் காதுக்குறையாகவே எழுதிவிட்டார்கள். உங்கள் தாய்மொழி தமிழ் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்றும் கேளுங்கள்.

மிஷினில் பலரும் பார்ப்பது வெளியே தெரியுமா, தெரியாதா என்பதைத்தான். நான் முதலில் விரல்களைப் பார்ப்பேன். காதுக்குள் போகும் குட்டி மிஷினை நடுங்கும் கையால் மாட்ட முடியாது, காதுக்குப் பின்னால் உட்காருவது அவர்களுக்கு எளிது. பொத்தான் பேட்டரியா, சார்ஜ் போடுவதா என்பதும் அப்படித்தான். பேட்டரி என்றால் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடாதீர்கள், ஒரு நிமிடம் காற்றுப்பட வையுங்கள், காற்றுப்பட்டால்தான் அது வேலை செய்யும். எல்லா ஒலியையும் ஒரேயடியாகக் கூட்டும் மலிவான ஆம்ப்ளிஃபையர்களை மிஷின் என்று நம்பி வாங்க வேண்டாம்.

விலையைவிட முக்கியம் பொருத்துகிற விதம். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, உள்ளே உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளந்து சரிசெய்வார்களா, எத்தனை நாள் போட்டுப்பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம், இந்த இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல் சில வாரம் படுத்தும். தன் குரலே குடத்துக்குள் பேசுவது போல இருக்கும், பாத்திரச் சத்தம் இடிபோல விழும். தினமும் சில மணி நேரம் போட்டு மெல்லக் கூட்டுங்கள், எங்கே எது கேட்கவில்லை என்று குறித்து வைத்து அடுத்த முறை அந்தத் தாளை நீட்டுங்கள். விசில் அடித்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அப்பா விசிலுக்குக் கோபப்பட்டு இரண்டு வாரம் மிஷினை டிராயரில் போட்டு வைத்திருந்தார், கடைசியில் பார்த்தால் முனையில் இருக்கும் ரப்பர் ஒரு சைஸ் சிறியது.