கேரி எங்கே கைநழுவுகிறது: இளம் ரன்னிங் பேக் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி ஆட்டத்தில், பந்தோடு ஓடுவதையே முதன்மை வேலையாகக் கொண்ட ரன்னிங் பேக்குகள் ஓர் அணிக்கு நான்கைந்து பேர் இருந்தாலும், பெரும்பாலான ஆட்ட நகர்வுகளில் களத்தில் நிற்பவர் ஒருவர்தான். பந்தைச் சுமந்துகொண்டு ஓடும் ஒவ்வொரு முறையும் அவர் பெயரில் ஒரு 'கேரி' எழுதப்படும். அந்த எண்ணிக்கையைக் கூட்டத் துடிக்கும் முதலாண்டு, இரண்டாமாண்டு வீரர்கள் பலரும், எழுபது யார்டு ஓட்டம் ஒன்றைக் காட்டிவிட்டால் பயிற்சியாளர் தம்மை முன்னிறுத்திவிடுவார் என்று நம்புகிறார்கள். பயிற்சியாளரின் கணக்கு வேறு. இவரைக் களத்தில் விட்டால் நமக்கு என்ன கெடும் என்பதைத்தான் அவர் முதலில் பார்க்கிறார்.

அப்படிக் கெடும் இடங்களில் முதன்மையானது, பந்து கையில் இல்லாத நேரம். பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைப்பது நான்கு டௌன், அதாவது நான்கு முயற்சிகள். இப்போது மூன்றாவது டௌன், இன்னும் எட்டு யார்டு தேவை. பந்தை எறியப்போகும் குவார்ட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நம் இளைஞர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசைத் தடுப்பாளர்கள் ஐவர். எதிரணியிலிருந்து ஆறாவதாக ஒருவர் பாய்ந்து வந்தால் அவரை மறிக்கும் பொறுப்பு பெரும்பாலும் ரன்னிங் பேக்கின் தலையில்தான் விழும். ஓரத்திலிருந்து ஒருவரும் நடு இடைவெளி வழியாக ஒருவரும் ஒரே நேரத்தில் வந்தால், நடுவில் வருபவரையே முதலில் மறிக்க வேண்டும், ஏனெனில் குவார்ட்டர்பேக்கை எட்ட அவருக்குத்தான் தூரம் குறைவு. புதியவர்கள் இங்கே பந்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அல்லது கடைசி நொடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வருபவரின் முழங்காலை நோக்கி விழுகிறார்கள். அப்படிப் பாய்ந்து வரும் லைன்பேக்கர், அதாவது எதிரணியின் இரண்டாம் வரிசைத் தற்காப்பு வீரர், ஓர் அடி விலகினால் போதும், அங்கே தடுப்பு என்று ஒன்று இல்லாமல் போய்விடும். பந்து நகர்வதற்கு முன்பே யார் வரக்கூடும் என்று எண்ணிவைத்து, முன்னே சென்று, முழங்கால் மடக்கி, இரு கைகளையும் எதிராளியின் மார்பில் ஊன்றி, கால்களை நிறுத்தாமல் மறிப்பதுதான் முறை.

தடுக்கத் தெரியாதவரை ஓட்டத்துக்கு மட்டும் உள்ளே அனுப்பலாமே என்று தோன்றலாம். அவர் வந்தாலே பந்து அவரிடம்தான் போகும் என்று எதிரணி இரண்டே ஆட்டங்களில் கண்டுகொள்ளும். பிறகு அந்த ஓட்டமும் பயனற்றுப் போகும். கேரி கேட்டு முறையிடும் இளைஞர்கள் பலருக்கு இந்தக் கணக்கு பிடிபடுவதில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது ஃபம்பிள், அதாவது பந்தைக் கைநழுவ விடுவது. இதற்கு நல்ல பாடம் கல்லூரிக்கு வெளியே, தொழில்முறை ஆட்டத்தில் கிடைக்கிறது. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் டிக்கி பார்பர் 2000 முதல் 2003 வரையிலான நான்கு பருவங்களில் 35 முறை பந்தை நழுவவிட்டார். 2004-இல் தலைமைப் பயிற்சியாளராக வந்த டாம் காஃப்லின், பந்தை மார்போடு உயர்த்தி இறுக்கிப் பிடிக்கும்படி அவரது பிடியையே மாற்றச் செய்தார். 2005 பருவத்தில் அவர் நழுவவிட்டது ஒரே முறை. 2003-இல் 278 ஆக இருந்த அவரது கேரி, 2005-இல் 357 ஆக உயர்ந்தது. அந்த ஆண்டு அவர் ஓடியது 1,860 யார்டு.

பிடியில் அப்படி என்ன இருக்கிறது? பந்தின் ஒரு முனையை விரல்கள் விரிந்து மூட வேண்டும். மறுமுனை முழங்கையின் மடிப்பில் அடங்க வேண்டும். முன்கை பந்தின் மேல் படிய, பந்து விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். மணிக்கட்டு தாழ்ந்து, முழங்கை உடலைவிட்டு விலகி, அங்கே ஓர் இடைவெளி தெரிந்தால் எதிராளியின் கை நுழைவது அங்கேதான். திறந்தவெளியில் சரியாகப் பிடிப்பவர்கூட, நெரிசலுக்குள் பந்தைக் கைமாற்ற முயன்று கோட்டைவிடுகிறார். பயிற்சியின்போது நழுவுவதும் கணக்கில் சேரும் என்பதையும் மறக்கலாகாது.

ஓட்டத்திலும் ஒரு பேராசை உண்டு. ஒரு யார்டு மட்டுமே தேவைப்படும் இடத்தில், நடுவில் கிடைக்கும் இரண்டு யார்டை விட்டுவிட்டு, ஓரமாகச் சுற்றிப் பெரிய ஓட்டம் தேடிச் சென்று, பின்னாலேயே மடக்கப்படுவது அது.

கிக்காஃப் (ஆட்டத்தைத் தொடங்க ஓர் அணி பந்தை எதிரணிக்கு உதைப்பது) போன்ற, பந்து உதைக்கப்படும் நேரங்களில் இறங்கும் சிறப்பு அணியின் வேலைகளை மட்டமாக நினைப்பது இன்னொரு தவறு. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தர்மன் தாமஸுக்கு அடுத்த இடத்தில் இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பேரி சாண்டர்ஸ், 1987-இல் கிக்காஃப் பந்தைத் திருப்பி ஓடுவதில் சராசரிக் கணக்கில் நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். தாமஸ் சென்ற பிறகு, 1988-இல் 11 ஆட்டங்களில் 2,628 யார்டு ஓடி கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதையும் வென்றார்.

இன்று அப்படிக் காத்திருப்பவர்கள் குறைவு. கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயரைப் பதியும் இணையப் பட்டியலாக 2018 அக்டோபரில் தொடங்கிய ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் கல்லூரி மாறுவதை எளிதாக்கிவிட்டது. மாறுவதே தவறென்று சொல்ல மாட்டேன். முன்னால் மூன்று பேர் வரிசையில் இருக்கும்போது அதுவே சரியாகவும் இருக்கலாம். ஆனால் மறிக்கத் தெரியாததால் உட்காரவைக்கப்பட்டவர், புதிய ஊரிலும் அதே காரணத்துக்காக உட்காரவைக்கப்படுவார்.

கேரியின் எண்ணிக்கையையே எதிர்காலத்தின் அளவுகோலாகக் கொள்வதும் பிழைதான். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஜாஷ் ஜேக்கப்ஸ் மூன்று பருவங்களிலும் மற்றவர்களோடு பந்தைப் பகிர்ந்துகொண்டவர். 2018-இல் அவருக்குக் கிடைத்தது 120 கேரி மட்டுமே. அடுத்த ஆண்டு, தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், அவரை ரெய்டர்ஸ் அணி முதல் சுற்றிலேயே, 24-ஆவது தேர்வாக, எடுத்துக்கொண்டது.