சாண்டோரினியில் கப்பல் நிற்கும் சில மணி நேரம்: சாப்பாட்டில் எங்கே சறுக்குகிறோம்?

கிரேக்கத் தீவான சாண்டோரினியில் பெரிய சொகுசுக் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. எரிமலை வெடித்துக் குழிந்த கடலிலேயே நின்றுவிடும். சிறு படகில் பழைய துறைக்கு வந்து, கேபிள் காரிலோ 600-க்குச் சற்றுக் குறைவான படிகளில் ஏறியோ மேலே இருக்கும் ஃபிரா ஊருக்குப் போக வேண்டும். கப்பலின் காலை பஃபேயில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தால், மேலே போய் எதையும் ருசிக்க முடியாது.

மூச்சு வாங்க ஏறியதும் கடல் தெரியும் முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவதுதான் அடுத்த தவறு. அங்கே காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை. நடைபாதையில் நின்றால் அதே கடல் இலவசம்! சாப்பாட்டுக்கு உள்சந்துகள் போதும். நேரம் இருந்தால் பஸ் பிடித்து பிர்கோஸ் கிராமம் வரை போகலாம்.

பீட்சாவும், கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுட்ட மூசாக்காவும் ஏதென்ஸிலும் கிடைக்கும். மழை அதிகம் பெய்யாத இந்த எரிமலை மண்ணில் விளைவதைக் கேளுங்கள்: தோல் தடித்த குட்டித் தக்காளி, வெள்ளைக் கத்தரிக்காய், கேப்பர் (ஊறவைத்துச் சாப்பிடும் பூமொட்டு), மஞ்சள் பருப்பு. அந்தப் பருப்பை மசித்ததுதான் ஃபாவா. வெதுவெதுப்பாக, மேலே ஆலிவ் எண்ணெய் தேங்கி, பச்சை வெங்காயமும் கேப்பரும் தூவி வரும். நம் பருப்புக் கடையல் போலத்தான் இருக்கும். தாளிப்பும் காரமும் மட்டும் இருக்காது. எலுமிச்சை பிழிந்து ரொட்டியால் வழித்துச் சாப்பிட வேண்டும். கூடவே தொமாத்தோகெஃப்தேதெஸ்: தக்காளி, வெங்காயம், புதினாவை மாவில் பிசைந்து பொரித்தது. சூடு ஆறினால் சவசவத்துவிடும். ஆளுக்கொரு பெரிய தட்டு சொல்லாமல், நாலு சின்னத் தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்வதுதான் அங்கே வழக்கம்.

சைவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'நிஸ்தீசிமோ' என்பது கிரேக்கக் கிறிஸ்தவர்களுடைய விரதச் சாப்பாடு. கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனால் கணவாயும் இறாலும் அந்த விரதத்தில் செல்லும். கேட்காமல் வாங்காதீர்கள். திராட்சை இலையில் பொதிந்த தொல்மாதெஸிலும் சில கடைகளில் கொத்துக்கறி இருக்கும்.

மீன் பிரியர்கள் வேறு விதமாக மாட்டுவார்கள். மெனுவில் மீனுக்குப் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு. மீனை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்து, கண்ணெதிரே நிறுக்கச் சொல்லி, தொகையைக் கேட்டபிறகு தலையசையுங்கள். கேட்காமலே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் பில்லில் ஒரு சிறு தொகை ஏறலாம். வேண்டாமென்றால் அப்போதே சொல்லிவிடலாம்.

அசிர்த்திகோ என்ற உள்ளூர் வெள்ளை ஒயினை வெறும் வயிற்றில், உச்சி வெயிலில் குடித்துவிட்டுப் படிகளில் இறங்குவது வம்பு. கால்பட்டு வழவழத்த கல், ஆங்காங்கே கழுதைச் சாணம்.

கேபிள் கார் வரிசை மாலையில் நீளும். கடைசிப் படகுக்கு முன் அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்கிவிட்டு உட்காருங்கள். பில் தானாக வராது, கேட்டால்தான் வரும். அதனால் கடைசித் தட்டு வரும்போதே கேட்டுவிடுங்கள்.