சேலத்து இளம் வழக்கறிஞர் நீதிபதியாவதற்கான வழி

சேலத்தில் சட்டம் படித்து நீதிபதியாக விரும்புவோருக்கு இரண்டு பாதைகள் உண்டு. வழக்கறிஞராகவே நெடுங்காலம் நின்று உயர் நீதிமன்றத்துக்கு அழைக்கப்படுவது ஒன்று. பவானியை அடுத்த காடப்பநல்லூரில் பிறந்த நீதியரசர் ப. சதாசிவம் அப்படித்தான் 1973இல் வழக்கறிஞராகப் பதிவு செய்து, 2001இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 2013இல் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். அதற்கு விண்ணப்பமும் இல்லை, தேர்வும் இல்லை. மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்தின் பரிந்துரை வேண்டும். உங்கள் உழைப்பை நம்பி இறங்கக்கூடியது மற்றொரு பாதை, அதாவது தேர்வெழுதி, நீதித்துறையின் தொடக்கப் பதவியான உரிமையியல் நீதிபதியாவது.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, இத்தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் மீண்டும் கட்டாயமாகியுள்ளது. பார் கவுன்சிலில் வழக்கறிஞராகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்தே அது கணக்கிடப்படும். ஆகவே தொழில் பழக ஒரு மூத்த வழக்கறிஞரை, அதாவது சீனியரைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் பெயர் பெற்றவர் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் சேராதீர்கள். ஜூனியரை வாய்தா வாங்க அனுப்புவதோடு நிறுத்தாமல், சாட்சி விசாரணையின்போது அருகில் நிற்க வைத்து, பிராது (வழக்குத் தொடுப்பவரின் மனு) எழுதப் பழக்குபவரிடம் சேருங்கள். ஓமலூர், சங்ககிரி, ஆத்தூர் நீதிமன்றங்களுக்குச் செல்லும் வாய்ப்பையும் தட்டிக் கழிக்க வேண்டாம். வரப்புத் தகராறு, வண்டிப்பாதை, பொதுக்கிணற்றில் தண்ணீர் முறை, பாகப்பிரிவினை எனப் பின்னாளில் உங்கள் மேசைக்கு வரப்போகும் வழக்குகள் அங்கேதான் நடக்கின்றன.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இத்தேர்வில் முதல்நிலை வெறும் வடிகட்டல்தான். முதன்மைத் தேர்வில் தலா 100 மதிப்பெண்ணுக்கு நான்கு தாள்கள் உள்ளன. அவற்றில் பலரும் அலட்சியப்படுத்துவது மொழிபெயர்ப்புத் தாள். வாக்குமூலம், ஆவணம், தீர்ப்பு ஆகியவற்றைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றச் சொல்வதால், சீனியரின் அலுவலகத்தில் இருக்கும் பழைய கிரயப் பத்திரங்களைத் தினமும் ஒரு பக்கமாவது மொழிபெயர்த்து அவரிடம் திருத்தம் வாங்குங்கள். தீர்ப்பெழுதும் தாள்களுக்கு என் பார்வையில் ஒரே பயிற்சிதான் உண்டு. முடிந்துபோன ஒரு வழக்கின் பிராதையும் எதிர்த்தரப்பின் பதிலான எதிருரையையும் மட்டும் படித்து, எழுவினாக்களை, அதாவது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை நீங்களே வகுத்து, சாட்சியங்களைப் பார்த்துத் தீர்ப்பையும் எழுதி முடித்த பிறகே நீதிபதியின் தீர்ப்பைத் திறந்து, எந்தச் சாட்சியை அவர் ஏன் நம்பினார், நீங்கள் ஏன் நம்பவில்லை என்று வரிவரியாக ஒப்பிடுங்கள்.

தேர்வானவர்களுக்குச் சென்னையிலுள்ள மாநில நீதித்துறை பயிற்சியகத்தில் பயிற்சி உண்டு. பிறகு முதுநிலை உரிமையியல் நீதிபதி, மாவட்ட நீதிபதி என்று உயரலாம். மாவட்ட நீதிபதிகளில் சிலர் உயர் நீதிமன்றத்துக்கும் செல்கிறார்கள். அங்கே ஓய்வு வயது 62, உச்ச நீதிமன்றத்தில் 65. பணி மூப்பு சேர ஆண்டுகள் தேவை என்பதால், உயரே செல்லும் எண்ணமுள்ளவர்கள் மூன்றாண்டு நிறைந்ததும் வரும் முதல் அறிவிக்கைக்கே விண்ணப்பித்துவிட வேண்டும். அதைத் தவறவிட்டு வழக்கறிஞர் தொழிலிலேயே நிலைத்துவிட்டவர்களுக்கும், ஏழாண்டு அனுபவத்துடன் மாவட்ட நீதிபதிக்கான நேரடித் தேர்வு திறந்தே இருக்கிறது.