பழைய பாரை இடம் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல ஆண்டுகளாக ஒரே தெருவில் இருந்த பார் ஒன்று புது இடத்துக்கு மாறுகிறது. போன மாதம் அங்கே போயிருந்தேன். இளைஞர்கள் இரண்டு பேர் பழைய மரக் கவுண்டரை இரும்புச் சட்டத்தின் மேல் ஏற்றி, அடிக்கு ஒரு ஸ்குரூ வீதம் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். "இது எப்போது வந்தது?" என்று கேட்டேன். "நேற்று ராத்திரி" என்றார்கள். எனக்கு வயிறு கலங்கியது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் முடுக்கினேன்.

லைசென்ஸ், வாடகை ஒப்பந்தம் பற்றியெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

கவுண்டரை வந்த அன்றே பொருத்துவது

நான் முதன்முதலில் இடம் மாற்றிக் கொடுத்த பார் ஒரு பாதி நிலவறையில் இருந்தது. எப்போதும் ஈரம். புது இடமோ தரைத்தளம், நாள் முழுக்க ஏசி. திறப்பு விழாத் தேதி குறித்தாகிவிட்டதால் கவுண்டர் வந்த மறுநாளே இறுக்கிப் பொருத்திவிட்டோம். மூன்றாவது மாதம் உரிமையாளர் போன் செய்தார்: "தம்பி, கவுண்டர் பிளந்துடுச்சு, வந்து பாருங்க." பீர் டேப்புக்குப் போட்ட துளையிலிருந்து ஒரு கை நீளத்துக்கு விரிசல்.

மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். 60 செ.மீ. அகல ஓக் பலகையில் ஈரம் 4 சதவீதம் குறைந்தாலே நான்கைந்து மில்லிமீட்டராவது சுருங்கிவிடும். சுருங்க வழியில்லாமல் இரண்டு பக்கமும் ஸ்குரூ பிடித்துக்கொண்டால் நடுவில் கிழியத்தான் செய்யும். விரிசலுக்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் மரத்துண்டுகள் பதித்து நிறுத்தினோம். அந்த இரண்டு வாரமும் பார் மூடிக் கிடந்தது, செலவு முழுக்க என் கையிலிருந்து. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். தலைமுறைகளின் முழங்கை பட்டு வழவழப்பான பலகையை அவசரத்தால் கெடுத்தது இன்னும் உறுத்துகிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் தரை காயட்டும். புதுக் கான்கிரீட் ஓர் அங்குலம் காய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அப்புறம் கவுண்டரை உள்ளே கொண்டுவந்து, கட்டைகள் மேல் காற்றுப்படக் கிடத்துங்கள். ஏசி வழக்கம்போல ஓடட்டும். ஈரம் அளக்கும் மீட்டரை வாரம் ஒரு முறை வைத்துப் பாருங்கள். அளவு மாறாமல் நின்ற பிறகு பொருத்துங்கள். சட்டத்தில் வட்டத் துளை வேண்டாம். அகலவாக்கில் நீண்ட துளை போட்டால் ஸ்குரூ மரத்தோடு நகரும். திறப்பு விழா தள்ளிப்போனால் போகட்டும்.

அந்த இளைஞர்கள் ஸ்குரூவை எல்லாம் கழற்றிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்.

மெருகு என்னவென்று பார்க்காமல் தேய்ப்பது

பழைய மெருகு பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்கு. மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குதான். அதன் மேலேயே புது அரக்கு ஏறும். மிஷின் வைத்து மொட்டையடித்தால் அந்த நிறம் திரும்பாது. ஆனால் அரக்கு மதுவில் கரையும். கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் அலமாரிக்கு அதுவே போதும். கோப்பை வைக்கும் மேற்பரப்புக்கு வேறு உறுதியான பூச்சு வேண்டும்.

பீப்பாய் அறையைத் தூரத்தில் வைப்பது

புது இடத்தில் குளிரறைக்குக் கிடைத்த மூலையை ஒதுக்குகிறார்கள். குழாய் நீளமாகிறது, வழியில் பீர் சூடாகிறது, கரைந்திருந்த வாயு வெளியேறி டேப்பில் வெறும் நுரையாகக் கொட்டுகிறது. தூரம் 7, 8 மீட்டரைத் தாண்டினால் கிளைக்கால் (glycol) என்ற குளிர்திரவம் சுற்றும் குழாயைக் கூடவே ஓட்ட வேண்டும். வரைபடம் போடும்போதே பீப்பாயைக் கவுண்டருக்குக் கீழே அல்லது சுவருக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

தரை வடிகால்

தரை ஓடு பதிக்கும் முன்பே, கவுண்டருக்குப் பின்னால் போட்டுவிடுங்கள்.

அளக்காமல் பிரிப்பது

விளக்கு கவுண்டரிலிருந்து எவ்வளவு உயரம், ஸ்டூலுக்கு ஸ்டூல் எவ்வளவு இடைவெளி, கால் வைக்கும் கம்பி தரையிலிருந்து எத்தனை விரல் என்று எல்லாவற்றையும் பிரிக்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். பலகைகளின் அடியில் எண் போடுங்கள். பழைய வாடிக்கையாளர் புது இடத்தில் வந்து உட்கார்ந்ததும் அவர் கால் தானாக அந்தக் கம்பியைத் தேடும்.