முதல் கோல்ஃப் மட்டைகள்: ஏழு வாங்கினால் போதும்

விதிப்படி ஒருவர் ஆட்டத்துக்கு 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம். அது உச்சவரம்புதான், பதினான்கும் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. புதிதாக ஆடுகிறவருக்கு ஏழு போதும். கடைக்காரர் முழு செட்டைத்தான் முதலில் காட்டுவார், அசையாதீர்கள்.

படி 1: 7 அயர்ன்

பயிற்சி ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் இடம்) ஒரு 7 அயர்னை (அயர்ன் என்பது தட்டையான உலோகத் தலை கொண்ட மட்டை) இரவலோ வாடகையோ வாங்கி சில வாரம் அடியுங்கள். நீளத்திலும் கோணத்திலும் நடுத்தரமானது அது. பந்து ஒழுங்காக எழும்பத் தொடங்கிய பிறகு காசை எடுக்கலாம்.

படி 2: லாஃப்ட்

மட்டை முகத்தின் சாய்வுக் கோணம்தான் லாஃப்ட். கூடினால் பந்து உயரப் போகும், தூரம் குறையும். அயர்னில் எண் சிறிதாகச் சிறிதாகக் கோணம் குறையும், தண்டு நீளும், அடிப்பதும் சிரமமாகும். அதனால் 3, 4 அயர்ன்களை விட்டுவிடுங்கள். அந்த இடத்துக்கு, பருத்த தலை கொண்ட வுட் மட்டையும் அயர்னும் கலந்த ஹைபிரிட் நல்லது. அதன் எடை தாழ்வாகவும் பின்னாலும் இருப்பதால் பந்து சுலபமாக எழும்பும்.

என் ஏழு: 5 வுட், 5 ஹைபிரிட், 7 அயர்ன், 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், பட்டர். வெட்ஜ் என்பது லாஃப்ட் அதிகமான, குறைந்த தூரத்துக்கான மட்டை. பட்டர், குழியை நோக்கிப் பந்தை உருட்டும் மட்டை.

அதிக தூரம் அடிக்கும் டிரைவர் எங்கே என்பீர்கள். எல்லோருக்கும் ஆசை அதில்தான். ஆனால் பையிலேயே மிக நீளமான மட்டை அது, லாஃப்டும் குறைவு. சின்னப் பிசகுக்கே பந்து பக்கவாட்டில் வளைந்து காட்டுக்குள் போய்விடும். இப்போதைக்கு டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்) 5 வுட்டால் அடியுங்கள். அப்புறம் வாங்கும்போது 9 டிகிரியைத் தொடாமல் 10.5 முதல் 12 வரை பாருங்கள்.

படி 3: தலை

அயர்ன் தலையின் பின்பக்கம் குழிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இதைக் கேவிட்டி பேக் என்பார்கள். எடை ஓரங்களுக்குப் போவதால், நடுவில் படாத அடியிலும் தலை அதிகம் திருகாது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், தன் பட்டிங் சரியாக வராததால் 1959-இல் இதே போல எடையை இரு முனைகளுக்கும் ஒதுக்கி ஒரு பட்டர் செய்தார். பிங் நிறுவனம் பிறந்தது அப்படித்தான். பின்பக்கம் குழிவில்லாத மெல்லிய பிளேடு அயர்ன்கள் அழகுதான், ஆனால் இப்போது வேண்டாம்.

படி 4: தண்டு, நீளம்

நிதானமாக வீசுபவருக்கு எடை குறைந்த கிராஃபைட், வேகமாக வீசுபவருக்கு ஸ்டீல். வளைவுத்தன்மையில் பெரும்பாலானவர்களுக்கு ரெகுலர் போதும். நீளத்தை உயரம் மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மணிக்கட்டிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். கை நீளமான உயரக்காரருக்குச் சாதாரண நீளமே பொருந்திவிடும். இடது கைக்காரர்கள் அவர்களுக்கான மட்டையைக் கேட்டு வாங்க வேண்டும்.

படி 5: பட்டர்

கஞ்சத்தனம் இங்கே கூடாது. பார் என்றால் நல்ல ஆட்டக்காரர் எடுப்பார் என்று எதிர்பார்க்கும் அடிகளின் எண்ணிக்கை. ஒரு குழிக்கு இரண்டு பட் (பட்டரால் உருட்டும் அடி) என்பதுதான் அந்தக் கணக்கு. 18 குழிக்கு 36, அதாவது வழக்கமான பார் 72-இல் சரிபாதி. குனிந்து நின்றால் கண் பந்துக்கு நேர் மேலே வருகிறதா, கை இறுக்கமில்லாமல் தொங்குகிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள். பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலத்துக்குள் அமைந்துவிடும்.

படி 6: பழையது வாங்கினால்

தாராளமாக வாங்கலாம். கிரிப் தேய்ந்திருந்தால் கவலையில்லை, மாற்றிக்கொள்ளலாம். வெட்ஜ் முகத்தின் வரிப்பள்ளங்கள் மழுங்கியிருந்தால் வேண்டாம், பந்தில் சுழற்சி ஏறாது. தண்டும் தலையும் சேரும் இடத்தில் விரிசல் தேடுங்கள். மட்டையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால் காரணம் கேளுங்கள், சரியான பதில் இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள்.